மாதம் ஒரு மனிதர்: முப்பதில் தொடங்கிய ஓட்டம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க நூலகத்தில் நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநாளைய நண்பர் ஒருவர் வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எப்போதும் சிரித்த முகம் உடையவர். அன்று முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டேன்.

"மகள் வேலையை விட்டுவிடப் போகிறேன் என்கிறாள். நல்ல வங்கி வேலை. வயது இருபத்தெட்டு. விடியற்காலை நான்கரை மணிக்கே மிதிவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். மாலையில் நீச்சல். இரவில் ஓட்டம். மூன்றும் சேர்ந்த போட்டி ஒன்று இருக்கிறதாம். அதற்கே முழு நேரத்தையும் கொடுக்க வேண்டுமாம். இருபத்தெட்டு வயதில் விளையாட்டைத் தொடங்குவார் எங்கேனும் உண்டா, சொல்லுங்கள்!" என்றார்.

நான் உடனே விடை சொல்லவில்லை. அவருடைய அச்சம் எனக்குப் புரியாதது அன்று. நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஒரு தகரப் பெட்டியுடன் வடக்கே வந்தவர்கள். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் தவிர அவர்களுக்கு வேறு முதல் இல்லை. நிரந்தர வேலை என்ற ஒன்றுதான் இந்த அயல் மண்ணில் அவர்களுக்கு வேராக இருந்தது. அந்த வேரைத் தானாக அறுத்துக்கொள்கிறேன் என்று மகள் சொன்னால் தந்தையின் நெஞ்சு பதறாமல் என்ன செய்யும்?

ஆயினும் அவர் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை ஒன்று உண்டு. அப்படித் தொடங்கியவர் உண்டு. முப்பதாவது வயதில் அரசாங்க வேலையை விட்டு, அதே ஆண்டில் உலக வெற்றியாளராக உயர்ந்த பெண்மணி ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ்ஸி வெல்லிங்டன் என்பது அவர் பெயர். இம்மாதம் அவருடைய வாழ்க்கையையே அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதில் என் நண்பருக்கு ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

முதலில் போட்டியைப் பற்றிச் சில சொற்கள். நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடையில் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிப்பதை டிரையத்லான் என்கிறார்கள். தமிழில் மும்முனைப் போட்டி என்று சொல்லலாம் என்று பார்த்தால், நமக்குத் தேர்தல் நினைவு வந்துவிடும்! ஆகவே முத்திறப் போட்டி என்று சொல்லிக்கொள்வோம். 2000 ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது.

இதில் பல அளவுகள் உண்டு. அவற்றுள் மிகக் கடுமையானவற்றில் ஒன்று 'அயர்ன்மேன்' எனப்படுவது. ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியதும் 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்ட வேண்டும். சென்னையில் புறப்பட்டால் விழுப்புரத்தையும் தாண்டிவிடும் தொலைவு அது. இறங்கியதும் முழு மாரத்தான், அதாவது 42 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு, ஓட வேண்டும். காலையில் தொடங்கி நள்ளிரவுக்குள், பதினேழு மணி நேரத்தில், முடித்தால் போதும் என்பது அதன் மரபு. முடிப்பதே ஒரு பேறு என்று கருதப்படும் போட்டி அது.

இப்போட்டி பிறந்த கதை சுவையானது. நீச்சல்காரர், ஓட்டக்காரர், மிதிவண்டி வீரர் ஆகியோருள் யார் உடல் வலிமையில் மேம்பட்டவர் என்று ஹவாய்த் தீவில் எழுந்த ஒரு வாதத்தைத் தீர்ப்பதற்காக, ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, அங்கே தனித்தனியே இருந்த மூன்று நெடுந்தொலைவுப் போட்டிகளை ஒன்றாக இணைத்தார். 1978 பிப்ரவரி 18 அன்று பதினைந்து பேர் புறப்பட்டனர், பன்னிருவர் முடித்தனர். அன்று இங்கிலாந்தில் ஒரு குழந்தைக்கு முதல் ஆண்டு நிறைவு. 1977 பிப்ரவரி 18 அன்று பிறந்த அந்தக் குழந்தைதான் கிறிஸ்ஸி வெல்லிங்டன். இது தற்செயல்தான், ஆயினும் கேட்பதற்கு இனிய தற்செயல்.

அவர் வளர்ந்தது நார்ஃபோக் பகுதியில் ஒரு கிராமத்தில். சிறு வயதில் நீந்துவார். ஆனால் நாட்டுக்காக ஆடப் பிறந்தவள் என்று எவரும் அவரைச் சுட்டிக்காட்டவில்லை. படிப்பே அவர் பாதையாக இருந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் புவியியல் பயின்று முதல் வகுப்பில் தேறினார். சிறிது காலம் உலகப் பயணம் செய்தார். பின்னர் மான்செஸ்டரில் வளர்ச்சித் துறைக் கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றார். லண்டனில் சுற்றுச்சூழல், உணவு, ஊரக நலத் துறையில் அரசாங்க அலுவலரானார். 2002 இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் நடந்த உலக உச்சி மாநாட்டுக்கான பணியிலும் பங்கு கொண்டார். நம் வீடுகளில் இப்படி ஒரு பெண் இருந்தால் பெற்றோர் எவ்வளவு பெருமை கொள்வர்!

அதே 2002 இல் லண்டன் மாரத்தானில் ஓடினார். முதல் முறை ஓடிய மாரத்தானிலேயே 3 மணி 8 நிமிடத்தில் முடித்தார். அவருக்கே அது வியப்பாக இருந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இளமையில் அவர் உணவைப் பகையாக எண்ணிய காலம் ஒன்று உண்டு. உடல் மெலிய வேண்டும் என்ற ஏக்கம் நோயாகவே முற்றியது. இதைப் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் அவரே திறந்த மனத்துடன் எழுதியிருக்கிறார். எதைச் செய்தாலும் குறைவின்றிச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் ஒருவரை உயர்த்தவும் செய்யும், உருக்கவும் செய்யும். முதலிடம் வாங்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. மதிப்பெண் தாளைப் பார்க்கும் கண் சற்றே சாப்பாட்டுத் தட்டையும் பார்க்க வேண்டும்.

லண்டன் அலுவலகத்தில் கோப்புகள் குவிந்தன. ஏழை நாடுகளின் நன்மைக்காக எழுதப்படும் கோப்புகளுக்கும் அந்நாடுகளின் ஏழை மக்களுக்கும் இடையே நெடுந்தொலைவு இருப்பதாக அவர் உணர்ந்தார். 2004 இல் விடுப்புப் பெற்று நேபாளம் சென்றார். உள்நாட்டுப் போர் ஓயாத காலம் அது. போரால் துன்புற்ற சல்யான் மாவட்டத்தில், கிராம மக்கள் தாமே முன்வந்து கழிப்பிடம் அமைத்துக்கொள்ளும் துப்புரவுத் திட்டம் ஒன்றை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

காட்மாண்டுவில் அவர் ஒரு மிதிவண்டி வாங்கினார். அலுவலகம் செல்லுமுன் அதிகாலையில் நண்பர்களுடன் மலைப்பாதைகளில் ஏறி இறங்குவார். நேபாள நண்பர்கள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு ஈடு கொடுக்கப் பழகினார். ஒரு முறை திபெத்தின் லாசா நகரிலிருந்து இமயத்தைக் கடந்து காட்மாண்டு வரை மிதிவண்டியிலேயே வந்தார். மூச்சுக் காற்றே அரிதான உயரங்கள். பனி, புழுதிக் காற்று. பரிசு இல்லை, கடிகாரம் இல்லை, பார்ப்பவரும் இல்லை. எவரும் அதைப் பயிற்சி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவரும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் பின்னாளில் உலகமே வியந்த அந்த நெஞ்சுரமும் கால் வலிமையும் அங்கேதான் சேர்ந்தன.

என் நண்பருக்கு நான் முதலில் சொல்ல விரும்பியது இதுதான். ஒருவர் இருபத்தெட்டில் தொடங்குகிறார் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அவர் எப்போது தொடங்கினார் என்பது நமக்குத் தெரியாது. வீண் என்று நாம் தள்ளிய ஆண்டுகளில்கூட உள்ளே ஏதோ சேர்ந்துகொண்டிருக்கலாம். கிணற்றில் நீர் தெரிவது ஒரு நாள். ஊற்றுக் கண் திறந்தது எந்நாள் என்று யார் அறிவார்?

முத்திறப் போட்டியில் அவர் எடுத்த முதல் அடிகள் சிரிப்புக்கு இடமானவை. தொடக்க காலப் போட்டி ஒன்றில், நீந்துவதற்கான ரப்பர் உடையை யாரிடமோ கடன் வாங்கி அணிந்தார். அது அவர் அளவுக்குப் பெரிது. உள்ளே நீர் புகுந்து கனத்துவிட்டது. காவல் படகில் வந்தவர்கள் அவரைத் தூக்கிக் கரை சேர்க்க நேர்ந்தது. அந்தப் பெண்மணி மூன்று நான்கு ஆண்டுகளில் உலக வெற்றியாளர் ஆவார் என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால் படகோட்டியே நகைத்திருப்பார்!

நேபாளத்திலிருந்து திரும்பி மீண்டும் அதே அலுவலகத்தில் சேர்ந்தார். வேலைக்கு முன்னும் பின்னும் பயிற்சி செய்தார். 2006 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், தொழில்முறை வீரர் அல்லாதார் வயதுப் பிரிவுகளில் பங்கு கொள்ளும் உலகப் போட்டியில் வென்றார். அதன் பிறகே வேலையை விடும் எண்ணம் உறுதிப்பட்டது. கைதேர்ந்த பயிற்சியாளர் ஒருவரிடம் சென்று, தம்மால் முடியுமா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னார். 2007 தொடக்கத்தில் வேலையைத் துறந்தார். அப்போது வயது முப்பது.

அன்பர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள் மாலை மனம் சலித்து அவர் விலகல் கடிதம் எழுதவில்லை. முதலில் வேலையோடு வேலையாகப் பயின்றார். பிறகு ஓர் உலகப் போட்டியில் தம்மை அளந்து பார்த்தார். பிறகு அறிந்தவரிடம் கருத்துக் கேட்டார். கடைசியில்தான் கடிதம் எழுதினார். துணிவு என்பது கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது அன்று. ஆழம் பார்த்துவிட்டு இறங்குவது.

பயிற்சிக் காலத்தில் அவருக்குக் கடினமாக இருந்தது உழைப்பு அன்று; ஓய்வு. சும்மா இருப்பது அவருக்குக் குற்றமாகத் தோன்றியது. உடலை வருத்தத் தெரிந்தவருக்கு உடலை ஆற்றவும் தெரிய வேண்டும் என்பதை மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் கொரியாவில் தம் முதல் அயர்ன்மேன் போட்டியில் வென்று, ஹவாயில் நடக்கும் உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றார். அக்டோபர் 13 அன்று ஹவாயில் கோனா என்னும் ஊரில் போட்டி. எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் கரிய வெளியினூடே சாலை செல்கிறது, நிழல் இல்லை, பக்கவாட்டில் வீசும் காற்று மிதிவண்டியையே தள்ளிவிடும். புகழ் பெற்ற வீராங்கனைகள் பலர் வந்திருந்தனர். மிதிவண்டிப் பகுதியில் பெயர் தெரியாத ஓர் ஆங்கிலப் பெண் முன்னே சென்றார். போட்டியை வருணித்தவர்களுக்கே அவர் யார் என்று தெரியவில்லை. ஓடும்போது பின்வாங்கிவிடுவார் என்று எண்ணினர். அவரோ முகம் நிறைந்த சிரிப்புடன் ஓடி, 9 மணி 8 நிமிடம் 45 விநாடியில் முதலாவதாக வந்து நின்றார். வேலையை விட்டு ஓராண்டு நிறையவில்லை!

2008 இல் மீண்டும் கோனா. அவர் முன்னணியில் சென்றுகொண்டிருந்தபோது சக்கரம் பஞ்சராகிவிட்டது. காற்று அடைப்பதற்கு அழுத்திய வாயு நிரம்பிய சிறு குப்பிகளைப் போட்டியாளர் வைத்திருப்பர். பதற்றத்தில் தம்மிடம் இருந்தவற்றை அவர் வீணாக்கிவிட்டார். சாலை ஓரத்தில் கையேந்தி நின்றார். பின்னால் வந்தவர்கள் கடந்து போயினர். பத்து நிமிடத்துக்கு மேல் போயிற்று. அப்போது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரெபெக்கா கீட் என்ற வீராங்கனை தம்மிடம் இருந்த குப்பி ஒன்றை அவரிடம் வீசிவிட்டுச் சென்றார். கீட்டும் அதே பரிசுக்காகப் போட்டியிட்டவர்தாம். தம் சக்கரமும் பஞ்சரானால் என்ன ஆகும் என்று அவர் எண்ணியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. அந்தக் குப்பியால் மீண்டும் புறப்பட்ட வெல்லிங்டன், முன்னே சென்றவர் அனைவரையும் கடந்து, இரண்டாமவருக்குப் பதினைந்து நிமிடத்துக்கு முன்னதாக வந்து வென்றார்.

அந்தப் பதக்கம் யாருடையது? வெல்லிங்டனுடையது என்று பதிவேடு சொல்லும். அதில் ஒரு சிறு பங்கு கீட்டினுடையது என்று மனச்சான்று சொல்லும். உதவியின் அளவு உதவியில் இல்லை. பெற்றவரின் பண்பில் இருக்கிறது என்பது நம் பழைய மொழி அன்றோ? வெல்லிங்டன் அந்த உதவியை ஒளிக்கவில்லை. பிறரிடம் நன்றியோடு சொன்னார்.

2009 இல் மூன்றாம் முறை வென்றார். 8 மணி 54 நிமிடம் 2 விநாடி. 1992 முதல் பதினேழு ஆண்டுகள் எவராலும் தொடப்படாமல் இருந்த பாலா நியூபி-ஃபிரேசரின் கோனாச் சாதனை அன்று முறிந்தது. ஜெர்மனியின் ரோத் நகரில் இதே தொலைவில் ஆண்டுக்கு ஆண்டு தம் சாதனையைத் தாமே முறியடித்தார். 2011 ஜூலையில் அங்கே அவர் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 18 நிமிடம் 13 விநாடி. நீந்தி, மிதிவண்டி ஓட்டிய பிறகு மாரத்தானை 2 மணி 44 நிமிடத்தில் ஓடினார். இந்தச் சாதனை பன்னிரண்டு ஆண்டுகள் நின்றது. 2023 இல்தான் அதே ரோத் நகரில் சுவிட்சர்லாந்தின் டேனியலா ரிஃப் அதைக் கடந்தார்.

ஆனால் எனக்கு அவருடைய பெருமை இந்த எண்களில் தெரியவில்லை. இரண்டு வேறு நாட்களில் தெரிகிறது.

ஒன்று 2010 இல். கோனாப் போட்டியன்று காலை அவர் நோயுற்றிருந்தார். உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது, மூன்று ஆண்டு வெற்றியாளர். எப்படியாவது இறங்கி, பாதியில் விழுந்தால் வீரம் என்று புகழ்வார்கள். அவர் இறங்கவில்லை. முழு வலிமையோடு போட்டியிட முடியாத உடலோடு நிற்பதில்லை என்று விலகினார். ஓய்வெடுக்கவே தெரியாதிருந்தவர் அன்று விலகி நிற்கத் தெரிந்தவர் ஆனார். உடல் தேறியதும், நவம்பரில் அரிசோனாவில் ஓடி வென்றார்.

மற்றொன்று 2011 இல். கோனாவுக்கு இரண்டு வாரம் முன்பு பயிற்சியின்போது மிதிவண்டியிலிருந்து விழுந்தார். காலிலும் இடுப்பிலும் முழங்கையிலும் தோல் உரிந்தது. காலில் புண் சீழ் பிடித்தது. மார்புத் தசை கிழிந்திருந்தது பின்னரே தெரிந்தது. நீச்சலில் கை வீசுவதே வேதனை. வழக்கத்தைவிட மிகவும் பின்தங்கிக் கரையேறினார். மிதிவண்டியிலும் முன்னணிக்கு வெகு தொலைவு பின்னால் இருந்தார். ஓட்டத்தில்தான் ஒருவர் ஒருவராகக் கடந்தார். 2010 இல் வென்ற மிரிண்டா கார்ஃப்ரே பின்னாலிருந்து நெருங்கிக்கொண்டே வந்தார். வெல்லிங்டன் மாரத்தானை 2 மணி 52 நிமிடத்தில் ஓடி, மூன்று நிமிடத்துக்கும் குறைந்த இடைவெளியில் வென்றார். நேரம் 8 மணி 55 நிமிடம் 8 விநாடி. தம் வாழ்வின் வேகமான நாள் அன்று அது. ஆனால் நிறைவான நாள் அதுவே என்று அவர் கருதினார். ஒரு முறை நோய்க்குத் தலைவணங்கினார். ஒரு முறை வலிக்குத் தலைவணங்க மறுத்தார். எப்போது எதைச் செய்வது என்று அறிவதற்குப் பெயர்தான் முதிர்ச்சி.

2012 டிசம்பரில் தொழில்முறைப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். இந்த நெடுந்தொலைவில் பதின்மூன்று முறை போட்டியிட்டுப் பதின்மூன்று முறையும் வென்றவர், தோல்வியைக் காணுமுன்பே நிறுத்தினார். தேடியது கிடைத்துவிட்டது, இனித் தேடுவதற்கு வேறு உண்டு என்பது அவர் எண்ணம். அதன் பிறகு என்ன செய்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

லண்டனில் புஷி பூங்காவில் 2004 இல் பதின்மூன்று பேருடன் தொடங்கிய 'பார்க்ரன்' என்ற ஓர் இயக்கம் உண்டு. சனிக்கிழமை காலை எவரும் கட்டணமின்றி 5 கிலோமீட்டர் ஓடலாம், நடக்கலாம். தொண்டர்களே நடத்துவது. உலக வெற்றியாளர் அந்த இயக்கத்தில் ஊழியராகச் சேர்ந்தார். சிறுவர் சிறுமியருக்கான 2 கிலோமீட்டர் ஓட்டங்களைப் பல ஊர்களில் பரப்பினார். மக்களுடைய உடல்நலத்துக்காக அந்த இயக்கம் செய்ய வேண்டியவற்றைத் திட்டமிடும் பொறுப்பை ஏற்றார். பெண்களுக்கும் பிரான்ஸ் நாட்டு மிதிவண்டிப் பெரும் போட்டியில் இடம் வேண்டும் என்று மற்ற வீராங்கனைகளுடன் 2013 இல் குரல் கொடுத்தார். மறு ஆண்டே அவர்களுக்காக ஒரு நாள் போட்டி தொடங்கிற்று.

பாருங்கள். பர்மிங்ஹாமிலும் மான்செஸ்டரிலும் படித்த படிப்பு, லண்டன் அலுவலகத்தில் கற்ற திட்ட வேலை, நேபாளக் கிராமத்தில் மக்களோடு பழகிய பழக்கம், எல்லாம் சேர்ந்து திரும்பி வந்துவிட்டன. விளையாட்டுக்காக அவர் படிப்பை வீணாக்கவில்லை. படிப்புக்காக விளையாட்டைக் கைவிடவும் இல்லை. ஐந்தாண்டு ஓட்டம் அவர் வாழ்க்கையின் நடுவே வந்த ஓர் அத்தியாயம். வாழ்க்கை அதைவிடப் பெரிது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, உங்கள் மகளும் உலக வெற்றியாளர் ஆவாள் என்று நான் என் நண்பரிடம் சொன்னால் அது ஏமாற்று. கோனாவில் வெல்பவர் ஒருவர், தோற்பவர் ஆயிரம். வேலையை விட்ட எல்லோருக்கும் பதக்கம் காத்திருக்கவில்லை. ஆகையால் அவரிடம் மூன்று கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். மகளிடம் கேட்கச் சொன்னேன். இதுவரை எந்தப் போட்டியில் உன்னை அளந்து பார்த்தாய்? அறிந்தவர் ஒருவர் உன்னைப் பார்த்துக் கருத்துச் சொன்னாரா? வேலையை விடாமலே சம்பளமில்லா விடுப்பு ஓராண்டு கிடைக்குமா?

சென்ற வாரம் நண்பர் மீண்டும் வந்தார். முதல் இரண்டு கேள்விகளுக்கு மகளிடம் விடை இருந்ததாம். மூன்றாவதற்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாளாம். "அவள் நான்காவதாக என்னை ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்" என்றார். என்ன என்றேன்.

"'அப்பா, இத்தனை நாள் விடியற்காலையில் நான் எங்கே போகிறேன் என்று ஒரு நாளாவது வந்து பார்த்தீர்களா?' என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் நாளைக் காலை அவளோடு போகப் போகிறேன்" என்றார். நான்கரை மணிக்கு எழுப்பிவிடும் கடிகாரம் ஒன்றும் அவர் கைப்பையில் இருந்தது.